கூட்டத்தோட போனவனுக்கு மூளை இல்லையா? (21ஆ, 23ஆ)

ஈரமணல்:
நேத்து முத்துச்சிப்பி ஒண்ணு எழுதியிருந்தார்: "காலேஜ்ல கூட்டத்தோட போறவனுக்குச் சொந்த மூளை கிடையாது. 2017 மெரினா போராட்டமும் அப்படித்தான். ஜனவரி 21ஆம் தேதியே ஜல்லிக்கட்டு ஜெயிச்சாச்சு, எழுந்து போகத் தெரியாம 23 வரை உக்காந்து அடி வாங்கினாங்க." படிச்சதுல இருந்து மனசு ஆறல. 21ல வந்தது அவசரச் சட்டம். சட்டசபை கூடி ஆறு வாரத்துல அதுக்கு ஆயுசு முடிஞ்சிரும். அது ஜெயிச்சதா?

முத்துச்சிப்பி:
அவசரச் சட்டமும் சட்டம்தான். 21ல ஜெயிச்சாச்சு. பக்கத்துல இருக்கிறவன் எழுந்திருக்கல, அதனால நீங்களும் எழுந்திருக்கல. இதைத்தான் மந்தைன்னு சொல்றேன்.

ஈரமணல்:
நான் அப்போ மெக்கானிக்கல் ரெண்டாம் வருஷம். ஹாஸ்டல்ல மொத்த மாடியும் கிளம்பிச்சு, நானும் கிளம்பினேன், ஒத்துக்கிறேன். ஆனா உக்காந்தது என் முடிவு. 2016 ஜனவரி 7ல மத்திய அரசு அனுமதி கொடுத்துச்சு, 12ஆம் தேதியே சுப்ரீம் கோர்ட் தடை போட்டிருச்சு. அஞ்சே நாள்! ஒரு தடவை சூடு பட்டவன் 21ஆம் தேதி எப்படி எழுந்து போவான்?

நித்யகல்யாணி:
நான் பதினாலு வருஷமா கல்லூரியில பாடம் எடுக்கிறேன். முதல்ல 'கூட்டம்'னு எதைச் சொல்றீங்க? மொத்த கிளாஸும் சேர்ந்து மாஸ் பங்க் அடிக்கிறதும் போராட்டத்துக்குப் போறதும் ஒண்ணா?

முத்துச்சிப்பி:
டீச்சரம்மா, எல்லாம் ஒண்ணுதான். 2019 ஜூன்ல சென்னையில காலேஜ் பசங்க பஸ் டே கொண்டாட்டம்னு பஸ் கூரை மேல ஏறி, பிரேக் போட்டதும் கொத்தா விழுந்தாங்களே, அந்த வீடியோ பாக்கலையா? ஏன் ஏறினேன்னு கேட்டா எல்லாரும் ஏறினாங்கன்னுதான் சொல்லுவான். மறுபடி சொல்றேன், 21.

வாடிவாசல்_மைந்தன்:
ரெண்டு பேரும் மெரினா மெரினான்னு ஏன் அடிச்சுக்கிறீங்க? 16ஆம் தேதியே அலங்காநல்லூர்ல ராத்திரி முழுக்க உக்காந்தது எங்க ஆளுங்க. மதுரை செல்லூர்ல ரயிலை மறிச்சதும் நாங்கதான். கேமரா இருந்த இடம் மெரினா, அவ்வளவுதான்.

ஈரமணல்:
அண்ணே, உங்களை யாரும் குறைச்சுச் சொல்லல. ஆனா கூட்டம் வந்ததாலதான் அரசாங்கம் திரும்பிப் பார்த்துச்சு. பத்துப் பேர் மனு கொடுத்தா டீ கொடுத்து அனுப்பியிருப்பாங்க. முன்பின் தெரியாத ஒரு அக்கா அலுமினியக் குண்டான்ல தக்காளி சாதம் கொண்டுவந்து எங்க வரிசையில முதல்ல பொண்ணுங்களுக்குப் போட்டாங்க. பசங்க சாக்குப்பையோட குப்பை பொறுக்கினாங்க. சொல்லுங்க முத்துச்சிப்பி, மந்தை குப்பை பொறுக்குமா?

முத்துச்சிப்பி:
பொறுக்கட்டும். 23ல மெரினா பக்கத்துல நடுக்குப்பம் மீன் மார்க்கெட் எரிஞ்சுதே? உங்களுக்குத் தண்ணியும் சோறும் கொடுத்த மீனவ சனம். நீங்க 21ல போயிருந்தா அவங்க கடை தப்பிச்சிருக்கும். கூட்டத்துல போறவனுக்குப் பழி ஒட்டாது, பக்கத்துக் குப்பத்துக்காரனுக்குத்தான் ஒட்டும்.

ஈரமணல்:
அதை எங்க தலையில கட்டாதீங்க! அன்னைக்கு விடியக்காலம் எங்களைக் கலைக்க வந்த போலீஸ் கிட்ட நாங்க கேட்டது கொஞ்சம் அவகாசம். சாயங்காலமே சட்டசபையில மசோதா நிறைவேறிச்சு. அந்தச் சட்டத்தைத்தான் 2023 மே 18ல அஞ்சு நீதிபதிகள் செல்லும்னு சொன்னாங்க. அவசரச் சட்டத்தை இல்ல. தேதி 23.

முத்துச்சிப்பி:
23ல மசோதா வரும்னு முதல்வர் முன்னாடியே சொல்லிட்டார். வீட்டுல உக்காந்து டிவியில பாத்திருந்தாலும் நிறைவேறியிருக்கும். 21.

வாடிவாசல்_மைந்தன்:
16.

நித்யகல்யாணி:
நான் கேட்டதுக்கு யாருமே பதில் சொல்லல. போன செமஸ்டர்ல ஒரு பொண்ணு மட்டும் மாஸ் பங்க் அன்னைக்கு வந்து முதல் பெஞ்சுல உக்காந்தா. நான் பாடம் நடத்தினேன். அடுத்த மூணு வாரம் கேன்டீன்ல அவ பக்கத்துல யாரும் உக்காரல. எனக்கு இன்னும் உறுத்துது. அதைப் பேசுங்களேன்.

ஈரமணல்:
மேடம், அது வேற விஷயம், தனித் திரி போடுங்க. முத்துச்சிப்பி, போன மாசம் மெக்கானிக்கல் வேண்டாம், எல்லாரும் எடுக்கிற கம்ப்யூட்டர் சயின்ஸையே எடுன்னு இதே இடத்துல ஒரு தம்பிக்கு யோசனை சொன்னது யாரு? அப்போ கூட்டம் இனிச்சுதா?

முத்துச்சிப்பி:
அது வேலைவாய்ப்பு பாத்துச் சொன்னது. பேச்சை மாத்தாதீங்க தம்பி.

ஈரமணல்:
நான் மாத்தல. 21ல எழுந்து போயிருந்தா அது சொந்த மூளை இல்ல, மறதி. அஞ்சு நாள்ல தடை வந்ததை மறந்த மறதி. 23.

முத்துச்சிப்பி:
21.