ஐஆர்க்யூ 11 (சாதனங்கள் கெர்னலை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியை, கூப்பிடும் குறுக்கீட்டு எண்) திடீரென்று செத்துவிடுகிறது, பழைய லேப்டாப், உதவி தேவை

இரவுப்பறவை:
பென்டியம் எம் காலத்து லேப்டாப், 512 எம்பி ராம், 32 பிட் லினக்ஸ். பாட்டு கேட்கவும் எழுதவும்தான் வைத்திருக்கிறேன், தூக்கிப் போட மனசு வரவில்லை. மூடி வைத்துவிட்டுத் திறந்தால் முதலில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. பாட்டைப் போட்ட கொஞ்ச நேரத்தில் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப அரைக்கிறது, யுஎஸ்பி மவுஸ் உறைகிறது, வைஃபையும் போய்விடுகிறது. டச்பேடும் கீபோர்டும் மட்டும் ஓடுகின்றன. கெர்னல் பதிவில் "ஐஆர்க்யூ 11: நோபடி கேர்டு" (யாரும் கவனிக்கவில்லை) என்றும் கீழே "டிஸேபிளிங் ஐஆர்க்யூ 11" என்றும் வருகிறது. வைஃபை கார்டைக் கழற்றியும் பார்த்தேன், அதே கதை. சவுண்ட் கார்டு போய்விட்டதா?

பிட்டும்பைட்டும்:
பூட் வரியில் (தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் வரி) ஐஆர்க்யூபோல் என்ற விருப்பத்தைச் சேர்த்துப் பாருங்கள். எனக்கு அதிலேயே சரியானது.

திருப்புளி:
அது தற்காலிகக் கட்டு, காயம் உள்ளேயே இருக்கும். சவுண்ட் கார்டின் மேல் பழி போடவும் வேண்டாம். ஐஎஸ்ஏ என்ற பழைய கார்டு இணைப்புக் காலத்தில் இரண்டு கார்டுக்கு 5ஆம் எண்ணைக் கொடுத்தால் சண்டைதான். அதற்குப் பின் வந்த பிசிஐ இணைப்பில் ஒரே எண்ணை நாலைந்து சாதனங்கள் பங்கிடுவது சகஜம்.

பிசிஐ சாதனம் குறுக்கீடு எழுப்பும்போது கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதன் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) வந்து கவனித்தால்தான் விடும். டிரைவரே இல்லையென்றால்? விடவே விடாது. கெர்னல் அந்த எண்ணில் உள்ள ஒவ்வொரு டிரைவரையும் "உன்னுடையதா?" என்று கேட்கும், எல்லாரும் கையை விரிப்பார்கள். 1,00,000 குறுக்கீட்டில் 99,900க்கு மேல் இப்படி அநாதையாகப் போனால் எண்ணையே அடைத்துவிடும். அதோடு அந்த எண்ணில் இருந்த அப்பாவிகளும் சேர்ந்து காலி. டச்பேடு 12, கீபோர்டு 1, அதனால் பிழைத்தன.

ப்ராக் அடைவில் உள்ள இன்டரப்ட்ஸ் கோப்பில் 11க்கான வரி, அப்புறம் எல்எஸ்பிசிஐ மைனஸ் வி கட்டளை (பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும்) காட்டுவதில் 11 என்று வரும் சாதனங்கள், இரண்டையும் போடுங்கள்.

இரவுப்பறவை:
ஐஆர்க்யூபோல் போட்டேன் அண்ணா, சாகவில்லை, ஆனால் பாட்டில் கரகரப்பு. அதை எடுத்துவிட்டேன்.
இன்டரப்ட்ஸ் கோப்பில் 11: யுஎஸ்பி, ஆடியோ, வைஃபை. எண்ணிக்கை 3,00,000ல் நிற்கிறது, போன தடவை 2,00,000.
எல்எஸ்பிசிஐயில் 11: யுஎஸ்பி, ஆடியோ, வைஃபை, மோடம்.

திருப்புளி:
அந்த உருண்டையான லட்சங்களைப் பார்த்தீர்களா? கெர்னல் லட்சம் லட்சமாக எண்ணிக் கணக்குப் பார்க்கிறது, அதனால்தான் அங்கே போய் நிற்கிறது.

முதல் பட்டியலில் டிரைவர் உள்ளவை மட்டும் வரும், இரண்டாவதில் எல்லாமே. இரண்டையும் கழித்தால் மிச்சம் மோடம். டயல் அப் போய் எத்தனை காலமாகிறது, அதற்கு யார் டிரைவர் ஏற்றப் போகிறார்கள்? லேப்டாப் தூங்கி எழும்போது மோடத்தின் உள் பதிவேடுகள் கலைந்து அது கம்பியைப் பிடித்துக்கொள்கிறது என்பது என் ஊகம். பயாஸில் (லேப்டாப்பைத் தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) எண்ணை மாற்றிப் பிரிக்கலாம் என்று நினைக்காதீர்கள். இந்த லேப்டாப் காலத்து சிப்செட்டில் ஆடியோவுக்கும் மோடத்துக்கும் பி என்ற ஒரே குறுக்கீட்டு முள், எங்கே போனாலும் சேர்ந்தே போகும். பயாஸில் மோடத்தை அணைக்க வழி இருந்தால் அணையுங்கள்.

இரவுப்பறவை:
பயாஸில் நேரம், பூட் வரிசை, பாஸ்வேர்டு. அவ்வளவுதான்.

திருப்புளி:
அப்படியானால் எம்டிசி அட்டையை, அதாவது மோடம் உள்ள சின்ன அட்டையை, கழற்றுங்கள். பேட்டரியை முதலில் எடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் கீபோர்டுக்கு அடியில் அல்லது அடிப்பக்க மூடிக்குள் இருக்கும், தீப்பெட்டியைவிடச் சின்னது, இரண்டு திருகு, போன் ஜாக்குக்குப் போகும் மெல்லிய ஒயர். திருகை எடுத்ததும் நேராக மேலே தூக்குங்கள், சாய்த்தால் கனெக்டர் உடையும்.

இரவுப்பறவை:
கழற்றியாயிற்று! கீபோர்டின் அடியில்தான் இருந்தது. ஒரு திருகு மொட்டையாகி அரை மணி நேரம் அழவைத்தது, ரப்பர் பேண்டை நடுவில் வைத்து அழுத்தித் திருப்பினேன். எல்எஸ்பிசிஐயில் மோடம் வரியே இப்போது இல்லை. எட்டு தடவை மூடித் திறந்தேன், பாட்டு ஓடுகிறது, 11ன் எண்ணிக்கை 7,41,386ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது. போன் ஜாக்கின் ஒயர் உள்ளே தொங்குகிறது, அப்படியே விடலாமா?

திருப்புளி:
முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி ஓரமாக ஒதுக்கி ஒட்டிவிடுங்கள். உலோகம் போர்டில் எங்காவது பட்டால் அடுத்த இழை நீங்கள்தான் போட வேண்டியிருக்கும்.