கொல்லையில் ஆறுமணிக்குருவி: படம் மட்டும் தெளிவாக விழவில்லை

கொல்லைப்புறம் (கன்னங்குறிச்சி):
வணக்கம். ஐப்பசி பிறந்ததிலிருந்து எங்கள் மாமரத்தடியில் ஓர் ஆறுமணிக்குருவி நடமாடுகிறது. பச்சை முதுகு, கண்ணை ஒட்டிக் கரும்பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. பால் காய்ச்சும் நேரத்திலும் விளக்கேற்றும் நேரத்திலும் தவறாமல் சீழ்க்கையடிக்கிறது. படமெடுப்பதுதான் பெரும்பாடு. நிக்கான் டி5600, 70-300 லென்ஸ். நிழலில் ஷட்டர் வேகம் 1/60 நொடிக்கு இறங்கி, குருவி இருக்கவேண்டிய இடத்தில் பச்சைக் கறைதான் விழுகிறது. ஐஎஸ்ஓவை (கேமரா ஒளியை உணரும் திறனை) 800க்கு மேல் ஏற்றப் பயம். புள்ளி புள்ளியாகிவிடும் என்கிறார்கள். கடைக்காரர் 150-600 லென்ஸ் வாங்கச் சொல்கிறார். அந்தப் பணத்தில் குளியலறைக்கு ஓடு பதித்துவிடலாம்! வாங்கத்தான் வேண்டுமா? கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டால் வெளியே வரும் என்கிறான் பக்கத்து வீட்டுத் தம்பி. செய்யலாமா?

மலையடிவாரம்:
குளியலறைக்கு ஓடே பதியுங்கள் அம்மா. அந்த லென்ஸை முழுதாக நீட்டினாலும் ஒளி நுழையும் துளை எஃப்/6.3தான், வெளிச்சம் துளியும் கூடுதலாகக் கிடைக்காது. ஐஎஸ்ஓ 3200 வையுங்கள். 800இல் 1/60 என்றால் இதில் 1/250 கிடைக்கும். புள்ளிகளைக் கணினியில் குறைத்துக்கொள்ளலாம். அசைந்த படத்தை என்ன செய்வது?

இந்தக் குருவி இரண்டு தத்து தத்தும், அலகால் சருகைப் புரட்டும், உடனே தலைதூக்கிச் சிலைபோல் நிற்கும். அந்த நிற்பில் அழுத்துங்கள், 1/250 தாராளம். நின்றுகொண்டு எடுத்தால் முதுகுதான் தெரியும். படியில் உட்கார்ந்து கேமராவை முழங்காலுக்குக் கீழே இறக்குங்கள்.

காப்பித்தோட்டம் (ஏற்காடு):
குரல் வித்தை வேண்டவே வேண்டாம். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கே வரும் பறவை அது. வந்த இடத்திலும் தனக்கென்று ஒரு எல்லை வகுத்துக்கொள்ளும். கைப்பேசிக் குரலைக் கேட்டால் இரை தேடுவதை விட்டு, இல்லாத எதிரியைத் தேடி அலையும். அந்தத் தம்பியிடமும் சொல்லிவையுங்கள். சருகையும் கூட்டாதீர்கள், புழு பூச்சியெல்லாம் அதற்கடியில்தான். எங்கள் தோட்டத்திலும் சில்வர் ஓக் சருகு குவிந்த ஓரமாகத்தான் திரியும்.

கொல்லைப்புறம்:
இருவருக்கும் நன்றி. என் மாமியார் விடிந்ததும் விளக்குமாறோடு இறங்கிவிடுவார். "குருவிக்காக வீட்டில் குப்பை சேர்ப்பதா?" என்று கேட்டுவிட்டு, மாமரத்தடியை மட்டும் விட்டுவைக்க ஒப்புக்கொண்டார். 3200இல் இன்று எடுத்த படத்தில் கண்ணின் ஒளிப்பொட்டுகூடத் தெரிகிறது. ஆனால் வாலடிச் சிவப்பு வெளிறிவிட்டது. ஏன்?

மலையடிவாரம்:
சுற்றிலும் இருட்டு. அதைச் சமன்செய்யக் கேமரா குருவியையும் சேர்த்து வெளுக்கிறது. எக்ஸ்போஷர் ஈட்டை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) -0.7க்கு இறக்குங்கள், ஷட்டர் வேகமும் சற்று ஏறும். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வருகிறது, 2015 முதல் நடப்பது. கொல்லைப் படியில் 15 நிமிடம் உட்கார்ந்து எண்ணினால் போதும். மாமியாரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள், விளக்குமாறு இல்லாமல்.