முதல் பேய்ப் படம் எது? வீட்டில் ஒரே சண்டை

செல்வி, கத்ர் போர்ன், மொரிஷியஸ்:
தைப்பூசக் காவடி முடிந்து வீட்டில் ஏழு கறி இலை போட்டிருந்தோம். பேய்ப் படம் என்றாலே 1973-இல் வந்த ‘எக்ஸார்சிஸ்ட்’தான் தொடக்கம் என்று மகன் ஆரம்பித்தான். அதற்கு ஏழு வருஷம் முன்பே ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் ‘யார் நீ’யில் நடித்துவிட்டார்களே என்று மாமனார். அந்தக் காலத்தில் கேசட் வாடகைக்கு எடுத்துப் பார்த்து நடுங்கியவராம். இலையில் குழம்பு காய்ந்ததுதான் மிச்சம். யார் சொல்வது சரி?

பழைய வாத்தியார், ரோஸ் ஹில்:
இரண்டு பேரும் தோற்றார்கள், செல்வி. 1896-இல் ஜார்ஜ் மெலியெஸ் பிரான்சில் எடுத்த மூன்று நிமிஷப் படத்தைத்தான் முதலாவது என்பார்கள். வௌவால் ஒன்று சாத்தானாக மாறும், எலும்புக்கூடு வரும், கடைசியில் சிலுவையைக் காட்டியதும் சாத்தான் ஓடிவிடுவான். மெலியெஸ் மேடையில் மாயவித்தை காட்டியவர். ஆள்களை வாய் பிளக்க வைப்பதுதான் அவர் நோக்கம், பயமுறுத்துவது அல்ல.

பயம் நிஜமாக நுழைந்தது முதல் உலகப் போருக்குப் பிறகு, ஜெர்மனியில். 1920-இல் வந்த ‘காலிகாரி’யில் சுவரெல்லாம் கோணல், வெளிச்சத்தையும் நிழலையும் கூட பெயிண்டால் வரைந்து வைத்தார்கள். 1922-இல் இயக்குநர் முர்னாவின் ‘நோஸ்ஃபெராட்டு’. டிராகுலா நாவலை அனுமதி இல்லாமல் எடுத்ததால், அதை எழுதிய ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார், பிரதிகளை அழிக்கச் சொல்லித் தீர்ப்பும் வந்தது. தப்பிய சில பிரதிகளால்தான் இன்று பார்க்கிறோம். அதில் ரத்தக்காட்டேரி படியேறும்போது ஆள் தெரியாது. சுவரில் கூனிய நிழலும் நீண்ட விரல்களும் மட்டும்.

அந்த நிழல் எனக்குப் புரிந்தது 1994 பிப்ரவரியில். ஹொலாண்டா புயல் அடித்து, எங்கள் தெருவில் பல நாள் கரண்ட் இல்லை. லூகாரு, அதாவது ஓநாய் மனிதன், அலைகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. பார்த்தவர் ஒருவரும் கிடையாது, பார்த்தவரைத் தெரிந்தவர்தான் எல்லோரும். ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்கப் போனேன். அடுப்படிச் சுவரில் விரல் நீண்ட ஒரு கை மெல்ல மேலே ஏறியது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மெழுகுவர்த்தியைத் தரையில் வைத்துவிட்டு, தீப்பெட்டிக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தாள் என் மனைவி. இன்றுவரை கேலி ஓயவில்லை.

மஹேபூர்க் தம்பி:
சத்தத்தை விட்டுவிட்டீர்களே ஐயா! ‘சைக்கோ’, 1960. குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வயலின்களைக் கிறீச்சிட வைத்துக் கேட்க விட்டதும் மனதை மாற்றிக்கொண்டார். போனில் சத்தத்தை அடைத்துவிட்டு அந்தக் காட்சியைப் பாருங்கள், பாதி பயம் போய்விடும். ஓடுகிற ரத்தம் சாக்லேட் பாகு. கறுப்பு வெள்ளைப் படம்தானே, யாருக்குத் தெரியும்!

செல்வி:
மகன் வாயடைத்துவிட்டான். மாமனார் மட்டும், தமிழ்க் கணக்கைச் சொல்லச் சொல் என்கிறார்.

பழைய வாத்தியார்:
உங்கள் மாமனாரிடம் சொல்லுங்கள்: ‘யார் நீ’ 1964-இல் வந்த இந்தி ‘வோ கௌன் தீ’யின் தமிழ் வடிவம். வெள்ளைச் சேலை, மழை, ‘நானே வருவேன்’ பாட்டு, எல்லாம் சரி. ஆனால் கடைசியில் எல்லாம் ஆள்கள் செய்த சதி. 1949 இந்தி ‘மஹல்’ படத்திலும் பேய் என்று நினைத்தது தோட்டக்காரர் மகளை. பேயைக் காட்டிக் கூட்டம் சேர்த்துவிட்டு, பேயே இல்லை என்று வீட்டுக்கு அனுப்புவது அன்றைய வழக்கம். ‘13-ம் நம்பர் வீடு’ வந்த 1990 வாக்கில் தமிழில் பேய் பேயாகவே நின்றது. அப்புறம் 2011-இல் ‘காஞ்சனா’: நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை ஆவியாக வந்து நியாயம் கேட்கிறார். கதை நல்ல கதை. ஆனால் பயம் வரும்போதெல்லாம் கிச்சுக்கிச்சு மூட்டுகிறார்கள், எனக்கு ஒத்துவரவில்லை.

மஹேபூர்க் தம்பி:
ஐயா, என் பாட்டி அந்தப் படத்தை நாலு தடவை பார்த்தார். சிரிப்பு இல்லாவிட்டால் ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டார்.

செல்வி:
‘யார் நீ’யில் சதிதான் என்று மாமனாருக்கும் தெரியுமாம். இருந்தாலும் அந்தப் பாட்டைப் போனில் போட்டுக் காட்டினேன். கொல்லைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாயா என்று கேட்கிறார். மணி பகல் மூன்று.