வீட்டில் கேக் அலங்கரிக்க முதலில் எதை வாங்குவது?

மதுரைமல்லி:

அக்காமார்களே, ஓவன் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. கேக் மெத்தென்று நன்றாகவே வருகிறது. க்ரீம் பூசத் தொடங்கினால்தான் வினை. எவர்சில்வர் தட்டில் கேக்கை வைத்து, தோசைத் திருப்பியால் பூசிக்கொண்டிருக்கிறேன். பக்கமெல்லாம் மேடும் பள்ளமும், வெள்ளை க்ரீமில் கேக் தூள் வேறு ஒட்டிக்கொள்கிறது. அடுத்த மாதம் மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள். ரோஜாப்பூ வைத்த கேக்தான் வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டாள். 1500 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஆன்லைனில் நூறு பீஸுக்கு மேல் உள்ள கேக் அலங்கார செட் ஒன்று பார்த்தேன். அதை வாங்கலாமா? நீங்கள் தினமும் கையில் எடுக்கும் சாமான் எது?

நாகர்கோவில் அடுப்படி:

தங்கச்சி, அந்த செட்டை வாங்க வேண்டாம். ஒன்பது வருடமாக வீட்டில் கேக் செய்து கொடுக்கிறேன். நானும் அப்படி ஒரு செட்டில்தான் ஆரம்பித்தேன். அதில் வந்த நாசில்களில், அதாவது க்ரீமைப் பூ வடிவில் பிழியும் முனைகளில், இன்றைக்கும் கையில் எடுப்பது நான்குதான். கூட வந்த பிளாஸ்டிக் டர்ன்டேபிளால், கேக்கை வைத்துச் சுற்றும் தட்டுதான், பட்ட பாடு இருக்கிறதே! ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு இரண்டு கிலோ கேக். விடியற்காலை க்ரீம் பூசிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் கொஞ்சம் அழுத்தியதும் தட்டு சாய்ந்தது, மேல் அடுக்கு வழுக்கி விரல் அகலம் வெளியே வந்துவிட்டது. மொத்த க்ரீமையும் வழித்துவிட்டு மறுபடி பூசினேன். அந்த வாரமே அலுமினியத் தட்டு வாங்கினேன். அதுதான் இன்றைக்கும் ஓடுகிறது.

ஆகவே பணத்தில் பெரும்பங்கு டர்ன்டேபிளுக்குப் போகட்டும். 12 அங்குலம், கனமான அலுமினியம், அடியில் பேரிங் உள்ளது. கடையில் நேரில் பார்த்து வாங்குங்கள். தட்டின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள், சாயக் கூடாது. ஒரு விரலால் தட்டிவிட்டால் சத்தமில்லாமல் சில சுற்றாவது ஓட வேண்டும்.

அடுத்தது கழுத்து வளைந்த பேலட் நைஃப், க்ரீம் பூசும் மழுங்கல் கத்தி, 8 அங்குலம். தோசைத் திருப்பியில் பூசும்போது விரல் முட்டி க்ரீமில் படும், இதில் படாது. அப்புறம் க்ரீமை வழித்துச் சமன் செய்யும் தகடான ஸ்டீல் ஸ்க்ரேப்பர், கேக்கை விட உயரமானதாகப் பாருங்கள். பக்கம் வழவழப்பாக வருவது இதனால்தான். ஸ்க்ரேப்பரின் அடிவிளிம்பு டர்ன்டேபிள் தட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும், கேக்கை லேசாகத் தொட வேண்டும். அந்தக் கை அசையவே கூடாது. இடது கையால் தட்டை நிறுத்தாமல் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் கோடு விழும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்க்ரேப்பரைத் துடைத்துவிடுங்கள்.

கேக் தூள் ஒட்டுவதற்குச் சாமான் எதுவும் வேண்டாம். முதலில் மெல்லிசாக ஒரு பூச்சு, தூளெல்லாம் அதில் சிக்கிக்கொள்ளும். ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். வெளியே எடுத்து இரண்டாவது பூச்சு போட்டால் பளிச்சென்று இருக்கும்.

மதுரை வெயிலுக்கு ஃப்ரிட்ஜும் ஒரு சாமான்தான். க்ரீம் அடிக்கும் பாத்திரத்தையும் பீட்டர் கம்பியையும் கால் மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். தாவரக் கொழுப்பில் செய்து உறைய வைத்து விற்கும் நான்-டெய்ரி விப்பிங் க்ரீமாக இருந்தால் முழுக்க உருக விடாதீர்கள், கொஞ்சம் ஐஸ் தூள் இருக்கும்போதே அடிக்க வேண்டும். பீட்டரைத் தூக்கினால் க்ரீமின் நுனி நின்று லேசாக வளைய வேண்டும். அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் அடித்தால் பூசும்போது ஓட்டை ஓட்டையாக வரும். க்ரீமைப் பிழியும் பைப்பிங் பேக்கில் பாதிதான் நிரப்புங்கள், கைச்சூட்டிலேயே க்ரீம் இளகிவிடும்.

நாசிலில் நட்சத்திர வாய் உள்ள 1எம் எண் ஒன்று போதும் உங்கள் மகளின் ரோஜாவுக்கு. நடுவில் ஆரம்பித்து வெளிப்பக்கமாகச் சுற்றினால் ரோஜா வந்துவிடும். இதழ் இதழாக வேண்டுமானால் 104 எண் நாசில், அதன் வாயின் அகலமான முனை கீழே இருக்க வேண்டும். இலைக்கு 352.

திருச்சி அப்பா:

அக்கா சொன்னதெல்லாம் சரி. நான் இரண்டு சேர்க்கிறேன். கேக்கை அடுக்காக வெட்டக் கத்தியை விடத் தையல் நூல் எனக்குப் பிடிக்கும். சுற்றிலும் ஒரே உயரத்தில் பல்குத்தும் குச்சிகளைச் செருகி, அவற்றின் மேல் நூலைச் சுற்றி, முன்னால் குறுக்காகப் பிடித்து இரண்டு கையாலும் இழுத்தால் தட்டையாக வெட்டும். பைப்பிங் பேக்கை நிரப்ப உயரமான டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். பையை உள்ளே விட்டு வாயை வெளியே மடித்துவிட்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும். பெயர் எழுதப் பட்டர் பேப்பர் கூம்புதான், நாசில் வேண்டாம். நுனியை ஊசி அளவுக்கு வெட்டினால் தமிழில் சுழி, கொம்பெல்லாம் தெளிவாக விழும்.

மதுரைமல்லி:

ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. செட் வாங்கவில்லை. ஒரு சந்தேகம், மகள் நல்ல சிவப்பு ரோஜா கேட்கிறாள். கடையில் வாங்கிய திரவக் கலரை விட்டேன், க்ரீம் தண்ணியாகிவிட்டது, நிறமும் ரோஸ்தான் வந்தது.

நாகர்கோவில் அடுப்படி:

ஜெல் கலர் வாங்குங்கள் தங்கச்சி, பல்குத்தும் குச்சி நுனியில் தொட்டு எடுத்தாலே போதும், க்ரீம் இளகாது. ஆனால் விப்பிங் க்ரீமில் ரத்தச் சிவப்பு வரும்வரை கலர் சேர்த்தால் கசக்கும், குழந்தையின் நாக்கும் பல்லும் சிவந்துவிடும். மகளிடம் இளஞ்சிவப்புக்குச் சம்மதம் வாங்கப் பாருங்கள். பேக்கின் உள்பக்கம் நாசிலிலிருந்து மேல்வரை குச்சியால் ஒரு கோடு ஜெல் இழுத்துவிட்டு வெள்ளை க்ரீமை நிரப்பினால், இதழ் ஓரம் மட்டும் சிவக்கும். இதை எங்கள் பக்கம் பிள்ளைகள் ரொம்ப விரும்பிக் கேட்பார்கள்.

பிறந்தநாளுக்கு முன்னால் நாலைந்து நாள் பழகிவிடுங்கள். கேக் வேண்டாம், கேக் டின்னைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் பூசுங்கள். வழித்துப் பாத்திரத்தில் போட்டு, ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து மறுபடி பூசுங்கள்.

மதுரைமல்லி:

இன்று சாயங்காலம் டின்னைக் கவிழ்த்துவிட்டேன் அக்கா. டர்ன்டேபிள் நாளைக்குத்தான் வரும், அதுவரை தட்டிலேயே 1எம் ரோஜா பழகினேன். ஏழாவது ரோஜா சரியாக வந்தது. மகள் அதை வழிக்க விடவில்லை, தட்டோடு ஃப்ரிட்ஜில் இருக்கிறது.