மினசோட்டாவில் நிராகரிக்கப்பட்ட சுற்றுச்சூழல் மதிப்பீட்டு மனு: இரண்டாம் முறை கொடுக்கலாமா?

மினியாபொலிஸ் புறநகரில், எங்கள் தெருவின் பின்னால் உள்ள ஈரநிலத்தை ஒட்டி சுமார் 1,40,000 சதுர அடியில் கடை வளாகம் கட்டத் திட்டமிட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரைப் போல மக்கள்தொகைப்படி மூன்றாம் வகையில் வரும் நகரங்களில் 2,00,000 சதுர அடியைத் தொட்டால்தான் சுற்றுச்சூழல் மதிப்பீடு கட்டாயம் என்பதால், அதைக் கேட்டுப் பெற எங்களுக்கு இருந்த ஒரே வழி குடிமக்கள் மனு.

சட்டம் 100 கையெழுத்துதான் கேட்கிறது. நாங்கள் மார்ச்சில் 143 திரட்டி, வரைபடம், மழைநீர் தேங்கும் படங்கள் ஆகியவற்றுடன் மாநிலச் சுற்றுச்சூழல் தர வாரியத்துக்கு அனுப்பினோம். வாரியம் அதை முடிவுக்காக நகராட்சிக்கே அனுப்பியது. திட்டத்தை வரவேற்றுப் பேசியவர்களே மதிப்பீடு தேவையா என்றும் தீர்மானிக்கும் இந்த ஏற்பாடு விசித்திரமானது. "குறிப்பிடத்தக்க பாதிப்புக்கு ஆதாரம் இல்லை" என்று ஏப்ரலில் நகர மன்றம் மறுத்துவிட்டது. வடிகால் குறித்து ஒரு வரி விளக்கம்கூடத் தீர்மானத்தில் இல்லை.

அதன்பின் திட்ட அலுவலரைச் சந்தித்தோம், மன்றக் கூட்டத்தில் பேசினோம், அரசுத் தகவல் சட்டத்தின் கீழ் கோப்புகளைக் கேட்டுப் பெற்றோம். அவற்றில், மனுவோடு இணைக்க முடியாமல் போன போக்குவரத்து ஆய்வு ஒன்று கிடைத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் செல்ல 30 நாள் அவகாசம் உண்டு. அதில் 11 நாட்களே மீதம், வழக்கறிஞர் கட்டணமோ எங்கள் கைக்கு எட்டவில்லை.

இதே திட்டத்துக்கு எதிராகப் புதிய ஆதாரத்துடன் இரண்டாவது மனு கொடுத்து, அதை நகராட்சி ஏற்றுக்கொண்ட அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா?