விதைக்கிழங்கு ஒப்பந்தம்: படித்துச் சொல்ல ஆள் வேண்டும்

கொடைக்கானல் மேல்மலை நண்பர்களே, அவசர உதவி. மன்னவனூர்ப் பக்கம் ஒரு நிறுவனத்தின் முகவர் விதைக்கிழங்கு தருவதாகச் சொல்லி வீடு வீடாகக் கையெழுத்து கேட்கிறார். ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலம். விளைச்சலில் விதைக்கு எடுத்து வைக்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறதாம்.

மரபணு மாற்றிய கிழங்கு என்ற பேச்சும் உலவுகிறது. நான் நம்பவில்லை; நம் நாட்டில் அப்படி மரபணு மாற்றி வணிகச் சாகுபடியில் இருப்பது பருத்தி மட்டும்தான். என்னை உறுத்துவது அந்த ஒரு வரி. 2001ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பகிரவும் நமக்கு உரிமை தருகிறது. அப்படியிருந்தும் தான் பதிவு செய்த இரகத்தைப் பயிரிட்டதாகச் சொல்லி 2019இல் குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள் மீது பெப்சிகோ நிறுவனம் வழக்குப் போட்டது. எதிர்ப்பு வலுத்த பிறகே திரும்பப் பெற்றது.

கையெழுத்திட்டுவிட்டால் அந்தப் பிரிவு நம்மைக் காக்குமா? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். படியெடுத்து அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை முகவர் மறுபடி வருகிறார்.