கோலாலம்பூரில் ஒன்பது மணி நேரம்: வெளியே போய்ச் சாப்பிடலாமா?

பாளையங்கோட்டைக்காரன்: அம்மாவை மெல்போர்னில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன். திருச்சியில் ஏறினால் காலை 6 மணிக்குக் கோலாலம்பூர் இரண்டாம் முனையம். அடுத்த விமானம் பிற்பகல் 3 மணிக்கு. அதுவரை நாற்காலியில் தூங்குவதா, ஊருக்குள் போய் நாலு வாய் சாப்பிட்டு வருவதா?

தாமிரபரணி: தயங்காமல் போங்கள் தம்பி. நமக்கு 2026 கடைசி வரை மலேசியாவில் விசா வேண்டாம். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பினால் போதும். விரைவு ரயிலில் 33 நிமிடத்தில் ஊருக்குள் கேஎல் சென்ட்ரல் நிலையம், அங்கிருந்து நடந்தால் நம்மவர்கள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதி. வாழையிலைச் சாப்பாடு, தமிழிலேயே பேசிக்கொள்ளலாம்.

சந்திப்புப் பிள்ளை: கடல் தாண்டிப் போயும் வாழையிலைச் சோறுதானா வே? கணக்கையும் பாருங்கள். குடிநுழைவு வரிசையில் ஒரு மணி நேரம், 12 மணிக்குத் திரும்பி நிற்க வேண்டும், நடுவில் ரயில். மிஞ்சுவது மூன்றரை மணி நேரம். ரயிலுக்கு ஆளுக்கு ஒரு வழிக்கு 55 ரிங்கிட். பாங்காக்கில் இப்படி ஆசைப்பட்டுப் போய், மழையில் டாக்சி நகராமல் விமானத்தைக் கோட்டைவிட்டவன் நான்.

உடன்குடிக்காரி: டாக்சியில் போனது உங்கள் தப்பு அண்ணாச்சி, ரயில் மழைக்கு நிற்காது. ஆனால் காலை எட்டு மணிக்கு யார் இலை போடுவார்கள்? அந்த நேரத்துக்கு நாசி லெமாக்தான். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, காரச் சம்பல், வறுத்த நெத்திலி, வேர்க்கடலை, வெள்ளரி. சொதி ஊற்றிச் சாப்பிட்டு வளர்ந்த நாக்கு அந்தத் தேங்காய்ப்பாலை உடனே கண்டுகொள்ளும். அப்புறம் செண்டோல். ஐஸ், தேங்காய்ப்பால், பச்சை நிறத்தில் மாவுத் துண்டுகள், மேலே குலா மலாக்கா பாகு. தென்னம்பதநீரில் காய்ச்சுவார்கள். எங்கள் கருப்பட்டிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். (கருப்பட்டிக்கு ஈடு என்று மட்டும் சொல்ல மாட்டேன்.)

சந்திப்புப் பிள்ளை: அம்மா சைவமா என்று யாராவது கேட்டீர்களா? சம்பலில் பெலாச்சான் என்ற இறால் விழுது கலந்திருக்கும். நெத்திலியை ஒதுக்கி வைத்தால் மட்டும் சைவமாகிவிடாது.

பாளையங்கோட்டைக்காரன்: அம்மா சுத்த சைவம், முட்டிவலி வேறு. நல்லவேளை சொன்னீர்கள் அண்ணாச்சி. இன்னொன்று, டிக்கெட் இரண்டும் தனித்தனியாகப் போட்டது.

தாமிரபரணி: அதை முதலிலேயே சொல்ல வேண்டாமா? தனி டிக்கெட் என்றால் பெரும்பாலும் நீங்களே வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். எப்படியும் வெளியே வந்தாயிற்று. பெட்டியைக் காப்பறையில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள், பிரிக்ஃபீல்ட்ஸில் காலையில் இட்லி தோசை கிடைக்கும்.

சந்திப்புப் பிள்ளை: மறுபடியும் தோசை!

பாளையங்கோட்டைக்காரன்: அம்மாவிடமே கேட்டுவிட்டேன். ரயில் எல்லாம் வேண்டாம், புளியோதரை கட்டிக்கொள்கிறேன், அந்தக் கருப்பட்டி ஐஸ் மட்டும் வாங்கிக் கொடு என்கிறாள்.

உடன்குடிக்காரி: முனையத்தை ஒட்டியே பெரிய கடைத்தொகுதி இருக்கிறது, அங்கே தேடுங்கள். புளியோதரையை அங்கேயே காலி செய்துவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் உணவுப்பொருளை அறிவிக்காமல் கொண்டுபோனால் அபராதம்.

பாளையங்கோட்டைக்காரன்: தங்கைக்கு இரண்டு கிலோ அல்வா வாங்கியிருக்கிறேனே?

சந்திப்புப் பிள்ளை: ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது நிரப்பும் அட்டையில் எழுதிக் காட்டிவிடும். அதிகாரிக்கே அல்வா கொடுக்கப் பார்க்காதீர்.